மருந்துக்கு முன் உடற்பயிற்சி: மேதை இப்னு சீனா காட்டிய வழி

மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயரை அறியாதோர் நம்மில் மிகச் சிலரே. ஆயினும், உடல்நலத்தைப் பேணும் வழிகளுள் உணவுக்கும் உறக்கத்திற்கும் முன்னதாக உடற்பயிற்சியையே அவர் வைத்தார் என்பதை நீங்கள் அறிவீர்களா?

ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பத்து வயதிற்குள் திருக்குர்ஆனை ஓதித் தேர்ந்தார். இளமையிலேயே சாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்சூரின் நோய்க்கு மருத்துவம் செய்யும் பேறு பெற்றார். அரண்மனை நூலகத்தில் பயிலும் அனுமதியையும் மன்னரிடம் கேட்டுப் பெற்றார்.

அவர் இயற்றிய 'அல்கானூன்' ஐந்து பாகங்களைக் கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. தசை சுருங்கும்போது தசைநாண் இழுக்கப்பட்டு உறுப்பு அசைகிறது என்பதை அதில் அவர் விளக்கினார். மல்யுத்தம், அம்பெய்தல், விரைநடை, குதிரையேற்றம் எனப் பயிற்சிகளை வகைப்படுத்தினார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடலைத் தேய்த்துவிடச் சொன்னார். காய்ச்சலால் மெலிந்தோருக்கு ஊஞ்சலே போதும் என்றார். அசைவைக் கைவிட்டவரின் உறுப்புகள் வலுவிழந்து உடல் தேயும் என்றும் எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கையின் ஆழத்தை அறிவியல் பின்னர் உணர்த்தியது. எலும்பு தான் தாங்கும் சுமைக்கேற்ப உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892இல் எழுதினார். தசை எலும்பை இழுக்கும்போது எலும்பினுள் இருக்கும் உயிரணுக்கள் அந்த அழுத்தத்தை உணர்கின்றன. அவ்விடத்தில் எலும்பு உறுதிப்படுகிறது. இழுப்பாரும் சுமப்பாரும் இல்லையெனில் அது கரைகிறது. எடையற்ற விண்வெளியில் போதிய பயிற்சியின்றி இருப்போரின் இடுப்பெலும்பு மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. எண்ணிப் பாருங்கள்! நாற்காலியே கதியென்று வாழ்வோரின் எலும்புகளும் மெல்ல மெல்ல அவ்வழியே செல்கின்றன அல்லவா?

பிறருக்கு அளவைப் போதித்த அம்மேதை, தம் உடலின் வலிமையை மிகையாக நம்பினார். பகலில் அரசுப்பணி, இரவில் எழுத்துப்பணி என ஓயாது உழைத்தார். கடும் வயிற்றுநோய் பற்றிய பின்னரும் படையுடன் பயணம் செய்தார். முடிவில் மருத்துவத்தைக் கைவிட்டு, தான தருமங்கள் செய்து, அடிமைகளை விடுவித்து, திருக்குர்ஆன் ஓதுவதில் ஈடுபட்டார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். ஹிஜ்ரி 428 (கி.பி. 1037) ரமளான் மாதத்தில் ஹமதானில் மறைந்தார், அங்கேயே அடக்கமாகியுள்ளார்.

அன்பார்ந்த வாசகர்களே! உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபின் வருந்திப் பயனென்ன? இல்லத்தில் அடைந்து கிடக்கும் அன்னையையும் பாட்டனாரையும் அன்றாடம் சிறிது தூரம் நடக்கச் செய்யுங்கள். எலும்பு ஏற்கெனவே நலிந்திருப்பின் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். அந்த மேதையின் அறிவுரையை ஏற்போம். அவர் தம் வாழ்வில் தவறவிட்ட அளவையும் பேணுவோம்.