ஏரையும் எந்திரத்தையும் இணைத்த பெர்குசன்

திருக்கழுக்குன்றம்! வேதகிரி மலையும் சங்கு தீர்த்தமும் உள்ள ஊர். ஊரைச் சுற்றிலும் ஏரிப் பாசன வயல்கள்.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் இந்தப் பக்கம் அடைமழை கொட்டும். மழை விட்டதும் நவரைப் பட்டத்துக்குச் சேறு அடிக்க வேண்டும். டிராக்டருக்கு ஓய்வே இராது.

அந்த வயலோரத்தில் ஒரு பழைய மாசி பெர்குசன் டிராக்டர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் முழுவதும் அது திறந்த வெளியில் நனைந்தது. இப்போது என்ஜின் ஓடுகிறது. சக்கரமும் சுற்றுகிறது. ஆனால் கலப்பையைத் தூக்கும் நெம்பை உயர்த்தினால், கலப்பை எழ மறுக்கிறது. எழுந்தாலும் விட்டுவிட்டு எழுகிறது.

கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், பால் விட்ட தேநீர் போல் வெளுத்திருக்கிறது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது!

கியருக்கு விடும் எண்ணெய் கெட்டால், கலப்பை ஏன் எழவில்லை? இந்தக் கேள்விக்கு விடை ஒரு மனிதரின் வாழ்க்கையில் இருக்கிறது. அவர்தான் ஹாரி பெர்குசன்.

குடியானவர் மகன்

அயர்லாந்து தேசத்தின் வட பகுதியில் டவுன் என்று ஒரு மாவட்டம். அங்கே குரோவல் என்ற சிற்றூரில், 1884-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி ஹாரி பிறந்தார். உடன் பிறந்தவர்களையும் சேர்த்து வீட்டில் 11 குழந்தைகள். தகப்பனார் விவசாயி. தெய்வ பக்தி மிகுந்தவர், கண்டிப்பானவர்.

ஹாரி சிறு வயதிலேயே வயலில் இறங்க வேண்டியதாயிற்று. குதிரை ஏரின் பின்னால் நாள் முழுவதும் நடக்க வேண்டும். அவருக்கோ அந்த வேலை துளியும் பிடிக்கவில்லை. உடம்பை முறிக்கும் உழைப்பு. கைக்கு வருவதோ சொற்பம்.

1902-ல் கனடா நாட்டுக்குப் போய்விட முடிவு செய்தார். அந்தச் சமயத்தில் அவருடைய அண்ணன் ஜோ, பெல்பாஸ்ட் நகரில் சைக்கிள், மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். தம்பியைத் தன்னிடம் வேலைக்கு வைத்துக்கொண்டார். கப்பல் ஏற இருந்த வாலிபர், மெக்கானிக் ஆனார்!

வானில் பறந்தார்

எந்திரம் ஹாரிக்கு உடனே வசப்பட்டது. கெட்டுப்போன மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே நோயைக் கண்டுபிடிப்பார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலந்துகொண்டார்.

அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903-ல் விமானத்தில் பறந்தார்கள். அந்த ஆசை ஹாரியையும் பிடித்துக்கொண்டது. சொந்தமாக ஒரு விமானத்தைக் கட்டினார். 1909-ம் ஆண்டின் கடைசி நாளில், பலத்த காற்றுக்கு நடுவே, அதில் ஏறிப் பறந்தார். பறந்த தூரம் ஏறக்குறைய 130 கஜம்தான். ஆனால் அயர்லாந்து மண்ணிலிருந்து விமானத்தில் பறந்த முதல் மனிதர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

இரண்டு ஆண்டுகளுக்குள் பெல்பாஸ்ட்டில் தனியாகக் கடை திறந்தார். மோட்டார் விற்றார். பிறகு டிராக்டரும் விற்றார்.

உயிரைக் குடித்த டிராக்டர்

முதல் உலகப் போர் நடந்த காலம். நாட்டில் உணவுப் பஞ்சம். அதிக நிலத்தை உழுதாக வேண்டும். 1917-ல் அரசாங்கத்தார் அயர்லாந்தில் உள்ள டிராக்டர்களைச் சரிவரப் பயன்படுத்தும் பொறுப்பைப் பெர்குசனிடம் ஒப்படைத்தார்கள். வில்லி சாண்ட்ஸ் என்ற தன் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு அவர் பண்ணை பண்ணையாகச் சுற்றினார்.

அங்கே அவர் கண்டது என்ன?

அந்தக் காலத்து டிராக்டர், கலப்பையைச் சங்கிலி போட்டு இழுப்பது போல் வெறுமனே இழுத்துச் சென்றது. டிராக்டர் வேறு, கலப்பை வேறு. பூமிக்குள் இருக்கும் பாறையில் கலப்பை மாட்டிக்கொண்டால் ஆபத்து! கலப்பை நகராது. பின் சக்கரமோ சுற்றப் பார்க்கும். டிராக்டரின் முன்பக்கம் குதிரை போல் மேலே எழும்பும். அப்படியே பின்னால் கவிழ்ந்து, ஓட்டியவர் மேல் விழும். இப்படி உயிர் விட்டவர்கள் பலர்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரைக் கனமாகச் செய்தார்கள். அந்தக் கனம் மண்ணை அழுத்திக் கெட்டியாக்கியது. விலையும் ஏறியது. சிறு விவசாயி நெருங்க முடியவில்லை.

பெர்குசன் ஒரு முடிவுக்கு வந்தார். டிராக்டரும் கலப்பையும் இரண்டாக இருக்கக் கூடாது. ஓர் உடம்பு போல் ஆக வேண்டும்.

மூன்று கை

இந்த ஒரு எண்ணத்துக்காக அவர் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் பாடுபட்டார்.

டிராக்டரின் பின்னால் கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இந்த மூன்று கைகளிலும் கலப்பையைப் பூட்டினார். கலப்பை தரையில் மாட்டினால், மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன் சக்கரம் எழும்பாமல் தரையில் அழுந்தும். டிராக்டர் பின்னால் கவிழும் பயம் இல்லாமல் போயிற்று.

அதோடு அவர் நிற்கவில்லை. கலப்பையைத் தூக்கவும் இறக்கவும் எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். ஒரு சிறு பம்பு எண்ணெயைத் தள்ளும். அந்த அழுத்தத்தில் கைகள் எழும். மண் இறுகி, கலப்பைக்கு இழுப்பு அதிகமானால், பம்பு தானாகவே கலப்பையைச் சிறிது தூக்கும். அப்போது கலப்பையின் பளு பின் சக்கரத்தின் மேல் ஏறும். சக்கரம் வழுக்காது. ஆகையால் டிராக்டர் கனமாக இருக்கத் தேவையில்லை. இதற்கு 1926-ல் காப்புரிமை பெற்றார்.

பின்னால் வந்த அவருடைய டிராக்டர்களில் இந்தப் பம்பு கியர் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டது. கியருக்கு ஓர் எண்ணெய், பம்புக்கு ஓர் எண்ணெய் என்று இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்! கியரை வழவழப்பாக வைப்பதும் அதுதான். கலப்பையைத் தூக்குவதும் அதுதான்.

பெர்குசன் சுத்தத்தில் மிகக் கண்டிப்பானவர். எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டும். ஒரே ஸ்பானரைக் கொண்டு விவசாயி பெரும்பாலான போல்ட்டுகளைத் தானே கழற்றி மாட்டும்படி செய்தார். அந்த ஸ்பானரில் அங்குலக் கோடுகளும் போட்டுக் கொடுத்தார். சாலின் அகலத்தை அளக்கலாம். டாங்கியில் எண்ணெய் எவ்வளவு என்றும் பார்க்கலாம்.

போர்டுடன் கை குலுக்கினார்

1936-ல் டேவிட் பிரவுன் என்ற தொழில் அதிபருடன் சேர்ந்து இங்கிலாந்தில் டிராக்டர் செய்தார். விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. 1938 அக்டோபரில் ஒரு டிராக்டரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். யாரைப் பார்க்க? மோட்டார் மன்னர் ஹென்றி போர்டை!

போர்டுக்கு அப்போது வயது 75. அவரும் விவசாயியின் மகன். அவருடைய தகப்பனாரும் அயர்லாந்திலிருந்து வந்தவர். பெர்குசன் தன் சிறிய டிராக்டரைப் போர்டின் நிலத்திலேயே ஓட்டிக் காட்டினார். மற்ற டிராக்டர்கள் திணறிய வேலையை அது எளிதாகச் செய்தது. போர்டு அசந்துபோனார்.

வயலிலேயே ஒரு மேஜை போடப்பட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போர்டு டிராக்டர் செய்து தருவது. பெர்குசன் விற்பது என்று பேசி முடித்தார்கள். பத்திரம் இல்லை. கையெழுத்து இல்லை. சாட்சி இல்லை. கை குலுக்கினார்கள். அவ்வளவுதான்!

1939-ல் போர்டு-பெர்குசன் டிராக்டர் வெளிவந்தது. எட்டு ஆண்டுகளில் 3 லட்சத்துக்கும் மேல் விற்றது.

வாக்கு உடைந்தது

காலம் மாறியது. முதியவர் போர்டு தளர்ந்தார். 1945-ல் அவருடைய பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு பொறுப்புக்கு வந்தார். கணக்கைப் பார்த்தார். டிராக்டரில் கம்பெனிக்கு நஷ்டம். தாத்தா கொடுத்த வாக்கு எழுத்தில் இல்லை. 1947-ல் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டார். பெர்குசன் முறையிலேயே போர்டு கம்பெனி வேறு டிராக்டர் செய்து, தானே விற்கத் தொடங்கியது.

பெர்குசன் துடித்துப்போனார். அமெரிக்காவில் விற்க அவர் கையில் டிராக்டர் இல்லை. 1948-ல் கோர்ட்டுக்குப் போனார். 25 கோடி டாலருக்கும் மேல் நஷ்ட ஈடு கேட்டார். நான்கு ஆண்டுகள் வழக்கு நடந்தது. 1952-ல் சமரசம் ஆயிற்று. பெர்குசனுக்குக் கிடைத்தது 92½ லட்சம் டாலர். கேட்டதில் சிறு பங்குதான். என்றாலும், அவருடைய காப்புரிமைக்கு விலை உண்டு என்று பெரிய கம்பெனியே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

இதற்குள் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் அவருடைய சாம்பல் நிற டிராக்டர் உருவாகி வந்தது. அதன் பெயர் டி.இ.20. எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 1956 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. எவரெஸ்ட் சிகரத்தை டென்சிங்குடன் சேர்ந்து எட்டிய ஹில்லாரி, 1958 ஜனவரியில் தென் துருவத்தை அடைந்தது இந்த டிராக்டர்களில்தான்!

சென்னைக்கு வந்த பெயர்

1953-ல் பெர்குசன் தன் தொழிலைக் கனடாவின் மாசி-ஹாரிஸ் கம்பெனியுடன் இணைத்தார். அடுத்த ஆண்டே கருத்து வேற்றுமையால் விலகினார். கம்பெனி பின்னர் மாசி பெர்குசன் என்று பெயர் மாறியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் மோட்டார் கார் செய்வதில் அவர் கடைசிக் காலத்தைச் செலவிட்டார். 1960 அக்டோபர் 25-ந் தேதி தன் 75-வது வயதில் காலமானார்.

அதே 1960-ம் ஆண்டில் சென்னையில் ஒரு கம்பெனி பிறந்தது. அனந்தராமகிருஷ்ணன் தலைமையில் வளர்ந்த அமால்கமேஷன்ஸ் குழுமம், மாசி பெர்குசனுடன் கூட்டுச் சேர்ந்து டாபே கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை செம்பியத்தில். அயர்லாந்துக் குடியானவர் மகனின் மூன்று கை, செங்கல்பட்டுச் சீமையின் சேற்றிலும் இறங்கியது.

தண்ணீர் புகுந்தால்

இப்போது திருக்கழுக்குன்றத்து வயலோரத்துக்கு வருவோம்.

கியருக்கும் கலப்பைக்கும் ஒரே எண்ணெய். அதனால்தான் அதில் தண்ணீர் கலந்தால் இரண்டும் கெடுகின்றன. பேரிங் துருப்பிடிக்கும். கியர் பல் தேயும். பம்பின் வால்வு சிக்கிக்கொள்ளும்.

தண்ணீர் வரும் வழிகள் மூன்று. கியர் நெம்பின் அடியில் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழை நீர் இறங்கும். ஆழமான சேற்றில் ஓட்டும்போது, தேய்ந்த அச்சு சீல் வழியாக நீர் நுழையும். பகலில் சூடான வீட்டுக்குள், இரவுக் குளிரில் ஈரம் வேர்த்துத் தங்கும்.

செய்ய வேண்டியது இதுதான். டிராக்டரைச் சமதளத்தில் ஓர் இரவு அசையாமல் நிறுத்த வேண்டும். எண்ணெயை விடத் தண்ணீர் கனம். தனித்து நிற்கும் நீர் அடியில் சேரும். காலையில் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் அது வெளியேறும். போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு, டிராக்டரைச் சிறிது நேரம் பளு இல்லாமல் ஓட்டினால் எண்ணெய் சூடாகி இளகும். உடனே எல்லா வடிகால் போல்ட்டுகளையும் கழற்றி முழுவதையும் வடித்துவிட வேண்டும். பால் நிறமான எண்ணெயில் நீர் கரைந்தே இருக்கும். அதைத் தெளிய வைத்து மீண்டும் ஊற்றுவது வீண்.

அடியில் தங்கிய வண்டலையும், பம்பின் வடிகட்டியையும் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு இளகிய மலிவான எண்ணெயில் கொஞ்சம் டீசல் கலந்து ஊற்றி, சில நிமிடம் மெதுவாக ஓட்டி வடிக்கலாம். அப்போது பளு இழுக்கவும் கூடாது. கலப்பையைத் தூக்கவும் கூடாது. பக்கத்தில் பீடி, நெருப்பு ஆகாது. கடைசியில் டிராக்டர் புத்தகத்தில் சொன்ன ரக எண்ணெயைச் சரியான அளவு ஊற்ற வேண்டும். சில நாள் வேலைக்குப் பின் மறுபடி பார்க்க வேண்டும். மீண்டும் வெளுத்திருந்தால் மீண்டும் மாற்றத்தான் வேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலில் விடாமல் டின்னில் பிடித்து வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு, கிழிந்த ரப்பர் உறையை அப்படியே விட்டால் பயன் இல்லை. அடுத்த மழையில் எண்ணெய் மறுபடி பாலாகும். தண்ணீர் வந்த வழியை அடைப்பதே முதல் வேலை.

டிராக்டர் ஓட்டுகிறவர் உயிரோடு வீடு திரும்ப வேண்டும். சிறு விவசாயியும் தன் எந்திரத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பெர்குசன் பாடுபட்டது அதற்குத்தான். ஒரு ஸ்பானரை எடுத்துப் பழைய டிராக்டரின் அடியில் குனிகிற ஒவ்வொரு விவசாயியும் அந்த உழைப்பின் பலனை அனுபவிக்கிறார்.