பஞ்சாங்கத்திடம் சான்று கேட்ட மேக்நாத் சாஹா

கொல்கத்தா: டாக்கா அருகே ஏழை மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893-இல் பிறந்த மேக்நாத் சாஹா, விண்மீன்களின் வெப்பநிலையை அறிய உதவும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920-இல் வகுத்தார்.

கோள்கள் சூரியனைச் சுற்றும் விதிகள் அனைத்தும் வேதத்திலேயே உள்ளன என்ற கூற்றுக்குச் சான்றில்லை என 1939-இல் 'பாரத்வர்ஷ' இதழில் வாதிட்டார். கடும் எதிர்ப்பைச் சந்தித்தார்.

1952-இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவரானார். ஜாதவ்பூரில் உள்ள இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து பஞ்சாங்கங்களின் ஆண்டுத் தொடக்கம் 23 நாள் விலகியிருப்பதைக் குழு சுட்டிக்காட்டியது.

1956-இல் சாஹா மறைந்தார். மறு ஆண்டு மார்ச் 22-இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழ் அதனை ஏற்றது. சித்திரைப் பிறப்போ இன்றும் ஏப்ரல் 14-இலேயே கொண்டாடப்படுகிறது.