பேட்டரியை நம்பி ஏமாந்த ஓம்

மல்டிமீட்டர் குமிழ்ல குதிரை லாடம் மாதிரி ஒரு குறி இருக்கும். முதல் வருஷ லேப்ல இருந்தே அதுக்குத் திருப்பி வெச்சு ரீடிங் எடுத்துட்டு இருக்கோம். அந்தக் குறிக்குப் பின்னால இருக்குற மனுஷன் தன்னோட முதல் விதியைத் தப்பா கண்டுபிடிச்சு, அதை அச்சிலயும் போட்டுட்டார்னு யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா? எனக்கு நாலு வருஷத்துல யாரும் சொல்லல.

அவர் கதைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வண்டியைப் பாருங்க. இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போன ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு எக்ஸ்கவேட்டர் வந்துச்சு. பேப்பர்ல பொக்லைன்னு போடுவாங்களே, அதான். மானிட்டர்ல நாலு ஃபால்ட் கோடு: பம்ப் பிரஷர் சென்சார், த்ராட்டில், கன்ட்ரோலர் சப்ளைன்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை. சென்சாரைக் கழட்டலாமான்னு ஆர்வமா கேட்டேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் பதில் சொல்லாம பேட்டரி பெட்டியைத் திறந்தார். ரெண்டு 12 வோல்ட் பேட்டரி சீரிஸ்ல. மீட்டர் 25 காட்டுச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்து மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை வண்டி சேஸிஸ்லயும் வெச்சுட்டு, ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்துல 4 வோல்ட்.

இந்த 4 வோல்ட்டை அப்படியே ஞாபகம் வெச்சுக்கோங்க. இப்போ ஜெர்மனிக்குப் போவோம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் எர்லாங்கன் நகரத்தில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. பள்ளிப் படிப்பு பெரிசா இல்லாதவர், ஆனா தானா கணிதம் கத்துக்கிட்டு அதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். தம்பி மார்ட்டின் பின்னாடி கணிதப் பேராசிரியரே ஆனார். ஜார்ஜுக்குப் பத்து வயசு இருக்கும்போது அம்மா இறந்துட்டாங்க. 16 வயசுல ஊர்ப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தவர், டான்ஸ், ஐஸ் ஸ்கேட்டிங், பில்லியர்ட்ஸ்னு சுத்தினார். (நமக்குத் தெரியாத வாழ்க்கையா!) அப்பாவுக்குக் கோபம். மூணு செமஸ்டரோட படிப்பு நின்னுச்சு. சுவிட்சர்லாந்துல ஒரு பள்ளியில கணித வாத்தியாரா போனார். திரும்பி வந்து 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதுக்கப்புறமும் குறைஞ்ச சம்பளத்துல பள்ளிக்கூட வேலைதான்.

1817-ல் கொலோன் நகரத்துப் பள்ளியில வேலை கிடைச்சது. அங்கே நல்ல இயற்பியல் லேப் இருந்துச்சு. அப்பா பட்டறையில பழகின கை வேற. கருவிகளைத் தானே செஞ்சுக்கிட்டார். கம்பியில கரன்ட் ஓடினா பக்கத்துல இருக்குற காந்த ஊசி அசையும்னு 1820-ல் ஓர்ஸ்டெட் காட்டியிருந்தார். ஊசி எவ்வளவு திரும்புதுன்னு அளந்தா கரன்ட்டை அளந்த மாதிரிதானே? கம்பி நீளமாக ஆக கரன்ட் எப்படிக் குறையுதுன்னு அளக்க ஆரம்பிச்சார். 1825-ல் முதல் கட்டுரை வந்தது. அதுல அவர் சொன்ன விதி லாகரிதம்!

கை சுத்தம், கணக்கும் சுத்தம். கோளாறு இருந்தது சப்ளையில. அந்தக் காலத்து ரசாயன பேட்டரி கரன்ட் எடுக்க எடுக்க இறங்கும், கொஞ்சம் விட்டா தானா ஏறும். ஒவ்வொரு கம்பியை மாட்டும்போதும் அடியில இருந்த வோல்டேஜே மாறிட்டு இருந்துச்சு.

ஆய்விதழ் ஆசிரியர் போகன்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: பேட்டரியை விட்டுட்டு தெர்மோகப்பிளை எடுங்க. ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைச்சு, ஒரு மூட்டைக் கொதிக்கிற தண்ணியிலும் இன்னொண்ணை ஐஸிலும் வெச்சார். வோல்டேஜ் ரொம்பச் சின்னது. ஆனா தண்ணி கொதிச்சு, ஐஸ் உருகிட்டு இருக்குற வரைக்கும் அசையாது. 2 அங்குலத்துல இருந்து 130 அங்குலம் வரைக்கும் எட்டு செம்புக் கம்பிகளை ஒண்ணொண்ணா மாட்டினார். 1826-ல் சரியான விதி வந்துச்சு. சப்ளையோட பலத்தை, கம்பியோட நீளமும் இன்னொரு மாறாத எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால வகுத்தா கரன்ட்.

அந்த இன்னொரு எண்ணைத்தான் நாம பரீட்சையில கவனிக்காம விட்டுடுறோம். நீங்க மாட்டின கம்பியைத் தவிர சர்க்யூட்ல மீதி இருக்குற எல்லாத்தோட ரெசிஸ்டன்ஸும் அதுக்குள்ள அடங்கும்.

அரைச் சம்பளத்துல லீவு போட்டு பெர்லின் போய், 1827-ல் எல்லாத்தையும் புத்தகமாப் போட்டார். இதைக் காட்டினா பல்கலைக்கழகத்துல ஒரு இடம் கிடைக்கும்னு நம்பினார். கிடைச்சது திட்டுதான். இயற்கையைக் கணக்குச் சமன்பாட்டுல அடைக்கிறது அங்கே பல பேருக்குப் பிடிக்கல. கொலோன் வேலையையும் விட்டுட்டார். அதுக்கப்புறம் 1833-ல் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்ல இடம் கிடைக்கிற வரைக்கும் நிலையான வேலை இல்லை. 38 வயசுல, தன் வாழ்நாளோட பெரிய வேலையை முடிச்ச கையோட! பிளேஸ்மென்ட் சீசன்ல இதைப் படிச்சதாலயோ என்னவோ, எனக்கு ரொம்ப நேரம் மனசு சரியில்லை.

1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்தது. 1852-ல் மியூனிக் பல்கலைக்கழகத்துல, அவர் ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி. அப்போ அவருக்கு 63 வயசு. ரெண்டே வருஷம், 1854 ஜூலையில இறந்துட்டார். 1881-ல் பாரிஸ்ல கூடின மின்சார மாநாட்டுலதான் ஓம் உலகத்துக்கே பொதுவான அளவாச்சு.

சரி, நம்ம 4 வோல்ட். ஸ்டார்ட்டர் மோட்டார் 400 ஆம்பியர் இழுக்குதுன்னு வெச்சுக்கோங்க. 4-ஐ 400-ஆல வகுத்தா 0.01 ஓம். இதை மல்டிமீட்டரோட ஓம் ரேஞ்ச்ல வெச்சுப் பார்த்தா தெரியாது. மீட்டர் ஒயரோட ரெசிஸ்டன்ஸே அதைவிட அதிகம். லோடு ஓடும்போதுதான் பிடிபடும். ஸ்டார்ட் பண்ற நேரத்துல பேட்டரியே 20-க்கு இறங்குது, அதுல எர்த் பக்கம் 4 போயிடுது. சேஸிஸை எர்த்தா வெச்சிருக்குற கன்ட்ரோலருக்கு மிச்சம் 16. அது குழம்பிப் போய் சென்சார் மேலயும் த்ராட்டில் மேலயும் கோடு போடுது.

அண்ணன் எர்த் கேபிள் போல்ட்டைக் கழட்டினார். லக்குக்கு அடியில துருவும் பெயிண்டும். எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி மாட்டி, திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். மீட்டர்ல 0.2. கோடுகளை அழிச்சோம், சாயங்காலம் வரைக்கும் வண்டி ஓடுச்சு, ஒண்ணும் திரும்ப வரல. சென்சார்ல நாங்க கையே வைக்கல.