பட்டயம் வாங்காத வாயு வாத்தியார்

1864-ஆம் வருஷம். சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் பாலிடெக்னிக். மாணவர் போராட்டத்தில் சேர்ந்துகொண்டார் என்பதற்காக ஒரு வாலிபரை, படிப்பு முடியும் தறுவாயில், பட்டயம் கொடுக்காமலே வெளியே அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நம்ம ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் சிலிண்டர் வால்வைத் திறக்கும்போது உஸ்ஸென்று வருகிறதே வாயு, அதற்கும் அந்த வாலிபருக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. அவர் பெயர் கார்ல் லிண்டே.

நண்பர்களே, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். காதல் கவிதைக்கு ஏற்கனவே பதினெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்களாம்! அதே சமயத்தில் வீட்டில் ஒரு சின்ன மிக் வெல்டிங் செட் வாங்குவது பற்றிப் பேச்சு. எந்த செட், எந்த வாயு என்று துருவிக்கொண்டே போனபோது, மூலையில் நின்றவர் இந்த ஜெர்மன்காரர். சரி, இவர் கதையையே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

1842 ஜூன் 11-ஆம் தேதி ஜெர்மனியில் பவேரியா நாட்டின் பெர்ன்டோர்ஃப் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா லுத்தரன் சபைப் போதகர். ஒன்பது பிள்ளைகளில் இவர் மூன்றாவது. மகனும் தன்னைப் போல அங்கி மாட்டிக்கொண்டு பிரசங்க மேடை ஏறவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பையனுக்கோ மெஷின் பைத்தியம். 1861-இல் சூரிச்சில் சேர்ந்துவிட்டார். பாலிடெக்னிக் என்றதும் நம்ம மூன்று வருஷக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் ஐன்ஸ்டைன் படித்ததும் அங்கேதான். லிண்டேவுக்குப் பாடம் எடுத்தவர்களைப் பாருங்கள்: என்ட்ரோபி என்ற சொல்லையே உலகத்துக்குத் தந்து, தெர்மல் பேப்பரில் நம்மைத் தலைகீழாக நிற்க வைக்கும் கிளாசியஸ், கைனமேட்டிக் பேர் என்று நாம் உருப்போட்ட சங்கதியை வகுத்துத் தந்த ராய்லோ, நீராவி எஞ்சின் வால்வு வரைபடத்துக்குப் பெயர் தந்த சொய்னர். இப்படிப்பட்ட வாத்தியார்கள் இருந்தும், கடைசியில் கையில் ஒரு காகிதம் இல்லாமல் வெளியே வந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரி கைவிட்டாலும் வாத்தியார் கைவிடவில்லை. கெம்ப்டன் ஊருக்குப் பக்கத்தில் கோட்டர்ன் பஞ்சாலையில் பயிற்சியாளாகச் சேர ராய்லோதான் வழி செய்து கொடுத்தார். அங்கே கொஞ்ச நாள், பிறகு பெர்லினில் போர்சிக் தொழிற்சாலை, அப்புறம் மியூனிக்கில் புதிதாக ஆரம்பித்த கிராவுஸ் ரயில் எஞ்சின் கம்பெனி. அங்கே தொழில்நுட்பப் பிரிவுக்கே தலைவராகிவிட்டார். 1868-இல் மியூனிக்கில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்படுகிறது என்று காதில் விழுந்ததுதான் தாமசம், விண்ணப்பம் போட்டார். வேலையும் கிடைத்தது. வயசு 26. பட்டயம் இல்லாதவர் விரிவுரையாளர், 1872-இல் முழுப் பேராசிரியர்! பாடத்தோடு நிற்காமல் மாணவர்களுக்காக ஒரு மெஷின் லேப்பையும் நிறுவினார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் ருடால்ஃப் டீசல். ஆமாம், டீசல் எஞ்சின் டீசலேதான். நீராவி எஞ்சின் எவ்வளவு வெப்பத்தை வீணடிக்கிறது என்ற விஷயம் அவர் மண்டையில் ஏறியது லிண்டேயின் வகுப்பில்தான். பிறகு பாரிஸில் லிண்டேயின் ஐஸ் ஆலையில் வேலையும் பார்த்தார்.

லிண்டேவின் சொந்த ஆராய்ச்சி குளிர்ச்சியைப் பற்றியது. 1870, 71-இல் இதுபற்றி அவர் ஒரு தொழில் பத்திரிகையில் கட்டுரைகள் எழுத, அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் பீர் ஆலைக்காரர்கள். பவேரியா பீர் குளிர்ச்சியில்தான் புளிக்கவேண்டும். குளிர்காலத்தில் ஏரியில் ஐஸ் வெட்டி நிலவறையில் அடைத்து வைப்பார்கள். பனி சரியாக விழாத வருஷம் வியாபாரம் படுத்துவிடும். 1873-இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் லிண்டேயின் முதல் குளிர்பதன மெஷின் நின்றது. அதில் ஓடியது மெத்தில் ஈதர், தீப்பிடிக்கிற சரக்கு. பிஸ்டன் தண்டு வழியாகக் கசியாமல் இருக்க பாதரசத்தை சீலாக வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு அம்மோனியாவுக்கு மாறினார், சீலுக்குக் கிளிசரின். அந்த அம்மோனியா மெஷின்தான் பிழைத்தது. கிளாண்ட் பேக்கிங் ஒழுகி மெயின்டனன்ஸில் கை கறுத்த நண்பர்களுக்கு இந்த இடம் புரியும். ஒரு துறையின் சரித்திரமே சில சமயம் ஒரு சீலில்தான் தொங்குகிறது.

1879-இல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு வீஸ்பாடன் ஊரில் ஐஸ் மெஷின் கம்பெனி தொடங்கினார். பென்ஷன் உள்ள உத்தியோகத்தை விட்டு யாராவது போவார்களா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். அங்கேயும் கேட்டிருப்பார்கள். ஆரம்பம் மந்தம்தான். ஆனால் எண்பதுகளில் சூடு பிடித்து, 1890-க்குள் எழுநூறுக்கு மேல் மெஷின்கள் விற்றுவிட்டன.

இனி நம் கதைக்கு வருகிறேன். 1892-இல் அயர்லாந்தின் டப்ளினிலிருந்து கின்னஸ் பீர் ஆலை ஒரு ஆர்டர் கொடுத்தது. பீர் புளிக்கும்போது தொட்டியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். வீணாகப் போகிற அந்த வாயுவைத் திரவமாக்கிப் பிடிக்க ஒரு மெஷின் வேண்டும். லிண்டேயை இன்னும் ஆழமான குளிருக்குள் இழுத்துப் போனது இந்த ஆர்டர்தான். நம் பட்டறைகளில் சிஓடூ என்று சொல்கிற அதே வாயு. இன்றும் அதில் ஒரு பகுதி, ஆல்கஹால் புளிக்க வைக்கும் ஆலைகளிலிருந்தும் உர ஆலைகளிலிருந்தும் உபபொருளாக வருவதுதான். அது விலை மலிவாக இருப்பதற்கு முக்கியக் காரணமே இது. வேறு எதையோ செய்யும்போது சும்மா கிடைக்கிற வாயு!

சிஓடூ சிலிண்டருக்குள் திரவமாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் பிரஷர் கேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. திரவம் ஒரு சொட்டு இருக்கும் வரை முள் அதே இடத்தில் நின்று, பிறகு மடமடவென்று விழும். இன்னொரு வேடிக்கை: 31 டிகிரிக்கு மேல் சிஓடூ திரவமாகவே இருக்காது. டப்ளினில் அந்தக் கவலை இல்லை. நம்ம ஊர் சித்திரை வெயிலில் சிலிண்டரை வெளியே வைத்தால் உள்ளே திரவம் வாயு என்ற பேதமே போய், பிரஷர் எகிறும். ஆகவே நிழலில் வையுங்கள். மிச்சத்தை எடை போட்டுப் பாருங்கள். காலி எடை சிலிண்டரிலேயே குத்தப்பட்டிருக்கும்.

சிஓடூவை முடித்த கையோடு லிண்டே காற்றையே திரவமாக்கக் கிளம்பினார். அழுத்திய காற்றை ஒரு சின்ன வால்வு வழியாக விரிய விட்டால் கொஞ்சம் குளிரும். ஜூல், தாம்சன் இருவரும் கண்டுபிடித்தது. ஒரு அட்மாஸ்ஃபியர் பிரஷர் குறைந்தால் கால் டிகிரி சுமார்தான் குளிரும். இதை வைத்துக்கொண்டு மைனஸ் 190-க்குப் போவதாவது! லிண்டே செய்தது இதுதான்: குளிர்ந்த காற்றை வெளியே விடாமல், அடுத்து வருகிற காற்றின் குழாயைச் சுற்றித் திருப்பி அனுப்பினார். வருகிற காற்று முன்பைவிடக் குளிராக வால்வுக்கு வரும், இன்னும் குளிரும், அது அடுத்ததைக் குளிர வைக்கும். வட்டிக்கு வட்டி போல. 1895 மே மாதம் மியூனிக்கில் அந்த மெஷினை ஓட்டினார்கள். குளிர்வதற்கே நாள் கணக்கில் பிடித்தது. கடைசியில் சுற்றிலும் மேகம் போல் ஆவி கிளம்ப, இளநீலத் திரவம் உலோக வாளியில் விழுந்தது. மணிக்கு மூன்று லிட்டர் சுமார். அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஹாம்ப்சன் என்பவரும் இதே வழியைக் கண்டு, லிண்டேவுக்குச் சில நாள்கள் முந்தியே காப்புரிமைக்கு மனுப் போட்டிருந்தார். ஆனால் இதைப் பெரிய ஆலையாக வளர்த்தவர் லிண்டே. 1897-இல் அவருக்குப் பிரபுப் பட்டம், பெயரோடு 'ஃபான்' சேர்ந்தது.

சிஓடூ வெல்டிங் செய்யும்போது ரெகுலேட்டரில் வெள்ளையாகப் பனி பிடிக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? அது லிண்டேயின் வாளிதான், சின்ன அளவில். காற்றைவிட சிஓடூ நான்கு மடங்கு குளிரும். தொடர்ந்து ஓட்டினால் ரெகுலேட்டர் உறைந்து வாயு தடைபட்டு, வெல்டில் சல்லடைத் துளை விழும். அதற்காகத்தான் ரெகுலேட்டருக்கு முன்னால் ஹீட்டர் மாட்டுகிறார்கள். ஆர்கானுக்கு அந்தத் தொல்லை இல்லை.

1901-இல் திரவக் காற்றைக் காய்ச்சி வடித்துப் பிரிக்கிற வேலையில் இறங்கினார். அப்போதுதான் பிரான்ஸில் ஆக்சி அசிட்டிலீன் டார்ச் வந்திருந்தது. சுத்த ஆக்சிஜன் வேண்டும் என்று உலகமே கேட்க ஆரம்பித்த நேரம். சும்மா சொல்லக் கூடாது, வாசல் தட்டப்படும் நேரத்தில் சமையல் தயாராக இருந்தது. 1910 வாக்கில் அவர் மகன் ஃப்ரீட்ரிஷும் கூட இருந்தவர்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோபுரம் வைத்துப் பிரிக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்றும் காற்றைப் பிரிக்கும் பெரிய ஆலைகள் அதன் வாரிசுகள்தான்.

ஆர்கான் இந்தக் கோபுரத்தின் நடு வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196-இல், ஆக்சிஜன் மைனஸ் 183-இல், ஆர்கான் மைனஸ் 186-இல். ஆக்சிஜனுக்கும் அதற்கும் மூன்றே டிகிரி! பக்கத்து பெஞ்சில் ஒட்டிக்கொண்டு காப்பி அடிக்கிறவனைப் பிரிப்பது போல, தனியாக இன்னொரு உயரமான கோபுரம் வேண்டும். அத்தனையும் செய்தால் ஆயிரம் லிட்டர் காற்றுக்கு ஒன்பது லிட்டர்தான் தேறும். கடைக்காரர் ஆர்கானுக்குச் சொல்லும் விலை அநியாயமில்லை என்று எனக்கு விளங்கியது இங்கேதான்.

1910-க்குப் பிறகு லிண்டே கம்பெனிப் பொறுப்புகளிலிருந்து மெல்ல விலகிக்கொண்டார். 1934 நவம்பர் 16-இல் மியூனிக்கில் காலமானபோது வயது 92. மிக் வெல்டிங்கை அவர் பார்க்கவில்லை. அது 1948-இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வு நிலையத்தில் பிறந்தது, முதலில் அலுமினியத்துக்கு. 1953-இல் ரஷ்யர்கள் விலை கூடிய வாயுவுக்குப் பதில் சிஓடூவை இரும்புக்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அது சாமானியன் பட்டறைக்கு வந்தது.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். செய்ய நினைத்தவை: மாடிப்படிக் கைப்பிடி, அக்காவின் தையல் மெஷினுக்கு ஸ்டாண்டு, ஒரு சின்ன கேட். எல்லாமே இரண்டு மில்லிமீட்டருக்கு உட்பட்ட சதுரக் குழாய். கிரில் பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா, இருநூறு ஆம்பியர் என்று பெட்டியில் எழுதியதைப் பார்த்து மயங்காதே என்று எச்சரித்தார். இந்தக் குழாய்க்கு 60 முதல் 90 ஆம்பியரே போதும். 100 ஆம்பியருக்கு ஆர்க் வோல்டேஜ் 19 சுமார், அதாவது இரண்டு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் கீழே. வீட்டு சிங்கிள் பேஸ் தாங்கும், ஏசி பாயின்ட் ஒயரிங் சரியாக இருந்தால். இருநூறு ஆம்பியரைத் திருகினால் ஃபியூஸ்தான் போகும். டியூட்டி சைக்கிள் 60 சதம் என்றால் பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் என்று அர்த்தம், அதுவும் எந்த ஆம்பியரில் என்று கேளுங்கள். மிக் என்று விற்கும் சில மலிவு செட்டுகளில் வாயு இணைப்பே கிடையாது. ஃப்ளக்ஸ் உள்ளே வைத்த ஒயர் மட்டும்தான் ஓடும். பின்பக்கம் திருப்பிப் பார்த்து வாயு வால்வு இருக்கிறதா, டார்ச்சின் பிளஸ் மைனஸை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். வாயுவோடு ஓடும் சாதா ஒயருக்கு டார்ச் பிளஸ், வாயு இல்லாத ஃப்ளக்ஸ் ஒயருக்கு மைனஸ்.

வாயுவுக்குக் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 12 லிட்டர் ஓட்டம். பத்து லிட்டர் கொள்ளளவு சிலிண்டரில் ஆர்கானோ ஆர்கான் கலவையோ 150 அட்மாஸ்ஃபியரில் 1500 லிட்டர், சுமார் இரண்டு மணி நேர ஆர்க். அதே சிலிண்டரில் சிஓடூ ஆறு கிலோ பிடிக்கும். கிலோவுக்கு 540 லிட்டர் வீதம் 3240 லிட்டர், நான்கரை மணி நேரம். எண்பது ஆர்கான், இருபது சிஓடூ கலவையில் ஆர்க் சாந்தமாக எரியும், பொறி தெறிப்பது குறைவு, மெல்லிய குழாய் பொத்துப் போகாது. சுத்த சிஓடூவில் ஊடுருவல் அதிகம், தெறிப்பும் அதிகம், உளி பிடித்துச் சுரண்ட வேண்டும். இரும்புக்குச் சுத்த ஆர்கான் மட்டும் வேண்டவே வேண்டாம், ஆர்க் அலைபாயும். அது அலுமினியத்துக்கு.

எனக்கு மனசு கலவையில்தான் இருந்தது. ஆனால் அதை மாற்றித் தரும் கடை எங்கள் ஊரிலிருந்து வெகுதூரம். சிஓடூ சிலிண்டரோ பஸ் ஸ்டாண்டு பக்கமே கிடைக்கிறது. அப்பாவிடம் கணக்கை விரித்துச் சொன்னேன். சிஓடூ, ஹீட்டர் ரெகுலேட்டர், 0.8 ஒயர் என்று முடிவானது. சிலிண்டரை மாமரத்து நிழலில் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறேன், பக்கத்தில் ஒரு பழைய தராசும் இருக்கிறது. கேட்டுக்குக் குழாய் வெட்டியாகிவிட்டது. கைப்பிடி அடுத்த மாசம், அரியர் பரீட்சை முடிந்த பிறகு.