வெளிச்சத்தின் வேலையைக் கண்டுபிடித்த வைத்தியர்

மாடியில் அசோலா, சுருள்பாசி வளர்க்கிறீர்களா? 'வெளிச்சம் போதுமா?' என்ற சந்தேகம் உங்களுக்கும் வந்திருக்கும். அந்தக் கேள்வியை 200 ஆண்டுகளுக்கு முன்பே இலைகளிடம் கேட்டவர் யான் இங்கன்ஹவுஸ்.

1730-ல் நெதர்லாந்தின் பிரேடா நகரில் பிறந்தவர். தொழில் வைத்தியம். 1768-ல் வியன்னா சென்று, பெரியம்மைக்குப் பலரைப் பறிகொடுத்திருந்த பேரரசி மரியா தெரேசாவின் குடும்பத்தாருக்கு அம்மை குத்தினார், அரண்மனை வைத்தியரானார்.

மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி சீராக்குவதை, 1771-ல் இங்கிலாந்தின் பிரீஸ்ட்லி கண்டிருந்தார். ஆனால், அதே சோதனை சில சமயம் பலித்தது, சில சமயம் பொய்த்தது. காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

1779 கோடையில் லண்டன் அருகே வீடு வாடகைக்கு எடுத்தார் இங்கன்ஹவுஸ். மூன்று மாதத்துக்குள் 500-க்கும் மேற்பட்ட சோதனைகள். தண்ணீரில் மூழ்கிய இலைகள் வெயிலில் குமிழ்விட்டன, இருட்டில் நின்றுவிட்டன. அதற்குக் காரணம் சூடு அல்ல, வெளிச்சமே என்று உறுதி செய்தார். பச்சைப் பாகங்கள் மட்டுமே அந்த வேலையைச் செய்கின்றன. இரவில் செடியும் காற்றைக் கெடுக்கிறது என்றும் கண்டார். அந்த ஆண்டே நூலாக வெளியிட்டார். யார் முதலில் கண்டது என்ற சர்ச்சை பின்னர் அவரை வருத்தியது. ஆனாலும் ஓயவில்லை. பயிரின் உணவு, மண்வளம் பற்றி 1796-ல் எழுதினார். 1799-ல் இங்கிலாந்தில் காலமானார்.

அவர் வழி உங்களுக்கும் உதவும். உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். விளக்கு எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். நம் கண் பழகிவிடுவதால் இந்த வித்தியாசம் தெரியாது. செல்போன் செயலி தோராயமாகக் காட்டும். ஆனால், லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு.

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா கலந்து, புதிதாக வெட்டிய வேலம்பாசித் தண்டை வெட்டுவாய் மேலே இருக்கும்படி மூழ்கவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை குமிழ் என எண்ணுங்கள். அதே தண்டை நிழல், ஜன்னலோரம், வெயில் என மாற்றி ஒப்பிடுங்கள். தண்ணீர் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கூடியும் குமிழ் கூடவில்லை என்றால், அந்தச் செடிக்கு அதற்கு மேல் வெயில் வீண்.

அசோலாவுக்கு நேர் வெயிலைவிட அரை நிழலே நல்லது. தொட்டியை வைக்கும் முன் இடத்தைச் சோதியுங்கள். பிறகு விதை அசோலாவுக்குச் செலவு செய்யுங்கள்.