தரம் காத்த வேதியியலாளர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தா மருந்துக்கடைகளின் அலமாரிகளை அலங்கரித்தவை பெரும்பாலும் கடல்கடந்து வந்த புட்டிகளே. இந்நாட்டிலேயே கிடைக்கும் மூலப்பொருள்களிலிருந்து எளிதாகச் செய்யத்தக்க மருந்துகளும் அவற்றுள் இருந்தன. ஆயினும் உள்நாட்டில் ஒருவர் மருந்து செய்தால் அதை நம்பி வாங்க மருத்துவரும் தயங்கினர், கடைக்காரரும் தயங்கினர். அவர்கள் தயக்கத்தை அடிமைப்புத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. புட்டிக்குள் இருப்பது மருந்துதானா, எவ்வளவு தூய்மையானது என்று உறுதிகூறும் சட்டம் எதுவும் அப்போது நாட்டில் இல்லை. நோயாளியின் உயிர் அந்த உறுதியைப் பொறுத்தே இருந்தது. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாத காலத்தில், தம் மருந்துகளைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பிரபுல்ல சந்திர ராய்.

ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்தில் உள்ள ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் கடும் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பள்ளியிலிருந்து பிரித்தது. அந்த இடைவெளியில் தந்தையின் நூலகமே அவருக்குப் பள்ளியாயிற்று. நோய் தந்த மெலிந்த உடலும் உணவில் கடைப்பிடித்த கட்டுப்பாடும் வாழ்நாள் முழுதும் அவருடன் இருந்தன. கல்கத்தாவில் பயின்றபோது மாநிலக் கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லரின் வேதியியல் செயல்விளக்கங்களைக் கண்டு அத்துறையில் ஈடுபாடு கொண்டார். கில்கிறிஸ்ட் உதவித்தொகை பெற்று 1882இல் எடின்பரோ சென்றார். 1887இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டே தாயகம் திரும்பினார்.

பட்டம் இருந்தும் உடனே பணி கிடைக்கவில்லை. கல்வித்துறையின் உயர்நிலைப் பணிகள் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்து, 1889இல் மாதம் 250 ரூபாய் ஊதியத்தில் மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார்.

ராய் முதலில் கைக்கொண்ட ஆய்வுகளுள் ஒன்று நெய்யையும் கடுகெண்ணெயையும் பற்றியது. கடைத்தெருவில் விற்கும் நெய்யில் கலப்படம் உண்டு என்பதை யாவரும் அறிவர். அதை நிறுவுவது எவ்வாறு? கலப்படத்தைக் காட்ட வேண்டுமானால், கலப்படமற்ற பொருளின் இயல்பை முதலில் அறிந்திருக்க வேண்டும். ஐரோப்பியப் பசுக்களின் வெண்ணெய்க்குரிய அளவுகளை இங்குள்ள பசுக்களின் வெண்ணெய்க்கு அப்படியே பொருத்துவதும் முறையன்று. ஆகவே, தம் கண்ணெதிரிலேயே பசுவின் பாலைக் கறக்கச் செய்து வெண்ணெய் எடுத்தார். கடுகையும் தம் மேற்பார்வையிலேயே ஆட்டச் செய்தார். ஐயத்திற்கு இடமில்லாத அம்மாதிரிகளை ஆராய்ந்து கண்ட முடிவுகளை 1894இல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அளவுகோல் பிழையானால் அளப்பவை அனைத்தும் பிழையாகும் என்பதை நன்குணர்ந்தவரின் செயல் இது.

இதே காலத்தில்தான், 1892இல், அப்பர் சர்குலர் சாலையில் இருந்த 91ஆம் எண் வாடகை வீட்டில் மருந்து செய்யும் முயற்சியையும் தொடங்கினார். முதலீடு 700 ரூபாய். பகலில் கல்லூரி, மாலையில் அடுப்பும் குடுவையும். அதுவே பின்னாளில் 'பெங்கால் கெமிக்கல் அண்டு பார்மசூட்டிகல் ஒர்க்ஸ்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

அவருக்கு வழிகாட்டியது பிரிட்டிஷ் மருந்துநூல். ஒரு மருந்து எப்பொருளால் ஆனது, எம்முறையில் செய்யப்பட வேண்டும், எவ்வளவு தூய்மை உடையதாக இருக்க வேண்டும், அதைக் கண்டறியும் சோதனைகள் எவை என்று வரையறுக்கும் நூல் அது. ராய் தேர்ந்துகொண்ட மருந்துப்பொருள்களுள் ஒன்று சோடியம் பாஸ்பேட். அதற்கு மூலப்பொருள் எலும்பு. எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கந்தக அமிலத்துடன் வினைபுரியச் செய்ய வேண்டும். வடித்தெடுத்த கரைசலுடன் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்துக் காய்ச்சினால் படிகங்கள் கிடைக்கும். ஏட்டில் இது நான்கு வரிச் செய்தி.

நடைமுறையோ வேறாக இருந்தது. இறைச்சிக்கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாக எலும்புகளை வாங்கி, வீட்டு மாடியில் உலர வைத்தார். எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த ஊன் அழுகிப் புழுத்தது. காகங்கள் கூட்டமாக வந்து எலும்புத் துண்டுகளைக் கவ்விச் சென்று அண்டை வீடுகளில் போட்டன. அண்டை வீட்டார் வெகுண்டெழுந்து, மாநகராட்சிச் சுகாதார அதிகாரியிடம் முறையிடப்போவதாக எச்சரித்தனர். அவர்கள் சினம் நியாயமானதே. மக்கள் வாழும் தெருவில் செய்யத்தக்க தொழில் அன்று அது. ராய் எலும்புகளை ஊருக்கு வெளியே மாணிக்தலாவில் நண்பர் ஒருவரின் வெற்று நிலத்திற்குக் கொண்டுசென்றார். அங்கே இரவில் சூளை மூட்டியபோது, காவலர் ஒருவர் தீயைக் கண்டு ஓடிவந்தார். கொலை செய்து உடலை எரிக்கின்றனரோ என்பது அவர் ஐயம்! எரிவது விலங்கெலும்பு என்று காட்டிய பின்னரே அவர் அமைதியுற்றார்.

சாம்பல் கிடைத்ததும் பணி முடிந்துவிடவில்லை. கந்தக அமிலத்தில் ஆர்சனிக் கலந்திருத்தல் அக்காலத்தில் வழக்கம். அமிலம் செய்யப் பயன்பட்ட கனிமத்திலிருந்தே அந்நஞ்சு வந்து சேரும். கண்ணுக்கும் நாவுக்கும் அது தெரியாது. 1900இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் பீர் அருந்திய ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். பீருக்கான சர்க்கரையைச் செய்யப் பயன்பட்ட கந்தக அமிலத்தில் ஆர்சனிக் இருந்ததே காரணம் என்று பின்னர் கண்டனர். எலும்பிலிருந்து பெற்ற படிகம் வெண்ணிறமாக மின்னுவது மட்டும் போதாது, மருந்துநூல் கூறும் சோதனைகளிலும் தேற வேண்டும் என்பது எத்துணை இன்றியமையாதது என்பதை இந்நிகழ்வு காட்டும்.

ராயுடன் தோள்கொடுத்தவர் இருவர். மருத்துவரான அமூல்ய சரண் போஸ் தம் நோயாளிகளுக்கு இம்மருந்துகளை எழுதிக்கொடுத்ததோடு, பிற மருத்துவரையும் ஏற்கச் செய்தார். ஆடாதோடை, நிலவேம்பு, வெட்பாலை, ஓமம் முதலிய நாட்டு மூலிகைகளிலிருந்து செய்த மருந்துகள் புதிய முறையில் புட்டியேறியதிலும் அவர் பங்கு பெரிது. மற்றொருவர் சதீஷ் சந்திர சின்ஹா என்னும் இளம் வேதியியல் பட்டதாரி. நீர்த்த ஹைட்ரோசயனிக் அமிலமும் அக்கால மருந்துகளுள் ஒன்று. மருந்தாகத் துளி அளவில் பயன்படும் அது, செறிவு மிக்க நிலையில் நொடியில் உயிர்குடிக்கும். ஆய்வகத்தில் நேர்ந்த விபத்தில் அந்நஞ்சே சதீஷைக் கொன்றது. 1898இல் பிளேக் நோயாளிக்குச் சிகிச்சை அளித்த அமூல்யரும் அந்நோய்க்கே இரையானார்.

ராய் தனித்து நின்றார். நிறுவனத்தைக் கைவிட்டிருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள். அவரோ கல்லூரிப் பணிக்கு இடையே தொழிற்சாலையின் சுமையையும் தொடர்ந்து ஏற்றார். 1901இல் அது வரையறுக்கப்பட்ட நிறுவனமாகப் பதிவு பெற்றது. சில ஆண்டுகளில் மாணிக்தலாவில் பெரிய தொழிற்சாலை எழுந்தது.

இவ்வளவு அலுவல்களுக்கிடையிலும் ஆய்வு நிற்கவில்லை. குளிர்ந்த நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தின்மேல் செயற்படவிட்டபோது எதிர்பாராத மஞ்சள் படிகங்கள் தோன்றின. மாசு என்று கொட்டிவிடாமல் ஆராய்ந்து, அது மெர்குரஸ் நைட்ரைட் என்று 1896இல் அறிவித்தார். உலக வேதியியலாளரிடையே அவர் பெயரை நிலைநிறுத்திய கண்டுபிடிப்பு இதுவே.

பின்னர் அவர் எழுதிய இந்திய வேதியியல் வரலாறு 1902இலும் 1909இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. 'ரசரத்ன சமுச்சயம்' என்னும் வடமொழி நூல் ஆய்வகத்திற்கு வகுத்த நெறிகளை அதில் அவர் எடுத்துக்காட்டியிருப்பது நம் கவனத்திற்குரியது. மூலிகைகளும் கிணறுகளும் உள்ள இடத்தில் ஆய்வகம் அமைய வேண்டும். உலைக்கு ஒரு திசை, கருவிகளுக்கு ஒரு திசை, கழுவுவதற்கும் உலர்த்துவதற்கும் தனித்தனித் திசைகள் என ஒதுக்க வேண்டும். வாய்மையும் தன்னடக்கமும் உடையவரையே பணியில் அமர்த்த வேண்டும் என்று அந்நூல் கூறுகிறது. உலையை உலர்த்தும் இடத்திலிருந்து விலக்கி வைத்த முன்னோரின் நுட்பத்தை, மாடியில் எலும்பு உலர்த்தி அல்லலுற்ற ராய் மற்றவரைவிட நன்றாகவே உணர்ந்திருப்பார்.

1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அறுபது வயதை எட்டிய 1921 முதல் தம் ஊதியம் முழுவதையும் அப்பல்கலைக்கழகத்திற்கே அளித்தார். 1924இல் தோன்றிய இந்திய வேதியியல் கழகத்தின் முதல் தலைவரும் அவரே. திருமணம் செய்துகொள்ளாத அவருக்குக் கல்லூரிக் கட்டடத்தின் அறை ஒன்றே இல்லமாயிற்று.

இதற்கிடையே மருந்துச் சந்தை பெருகியது. போலியும் தரக்குறைவும் அதனுடன் பெருகின. தனி ஒருவரின் நேர்மை தம் தொழிற்சாலையின் வாயில் வரைதான் செல்லும். 1930இல் அரசு, இராம்நாத் சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு மறு ஆண்டில் தந்த அறிக்கை சட்டமாக உருப்பெற ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. மருந்துகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றை நெறிப்படுத்தும் சட்டம் 1940இல் நிறைவேறியபோது ராய்க்கு வயது எழுபத்தெட்டு. 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், தாம் வாழ்ந்த அறிவியல் கல்லூரி அறையிலேயே அவர் உயிர்நீத்தார். அச்சட்டத்தின்கீழ் விதிகள் வெளியானது 1945இல். விடுதலை பெற்ற இந்தியா தனக்கென ஒரு மருந்துநூலை வெளியிட்டது 1955இல்.