கொடையும் உரிமையும்: கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வாழ்வில் கலைஞர் ஒருங்கிணைவு

முன்னுரை

நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்த என்.எஸ்.கிருஷ்ணன், நகைச்சுவை நடிகராகவும் வள்ளலாகவுமே பெரிதும் அறியப்படுகிறார். அவருடைய பாட்டுக்கலைக்கும் கலைஞர் அமைப்புகளுக்கும் இடையிலான உறவு அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. மேடையில் யார் பாடலாம், யாரைப் பற்றிப் பாடலாம், பாடுபவரின் வாழ்வுக்கு யார் பொறுப்பு என்னும் மூன்று வினாக்களின் வழி அவருடைய வாழ்வை இக்கட்டுரை நோக்குகிறது.

வில்லும் தெருவும்

அவருடைய தந்தை சுடலைமுத்து, தாய் இசக்கியம்மாள். சுடலைமாடனும் இசக்கியும் தென்பாண்டி, நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்பெறும் தெய்வங்கள். பெற்றோர் பெயரிலேயே அக்கலையின் உலகம் அவரைச் சூழ்ந்திருந்தது. வில்லுப்பாட்டில் அண்ணாவி வில்லை வீசுகோலால் அடித்துக் கதை சொல்ல, குடம், உடுக்கை, தாளம், கட்டை இசைப்போர் பின்பாட்டுப் பாடுவர். இடையிடையே ஆமோதிப்பர், வினவுவர். தலைமைக் குரல் தனித்து இயங்காத அமைப்பு இது. அந்தணனாகிய முத்துப்பட்டன் சக்கிலியர் குலப் பெண்களை மணந்த கதையும் இவ்வில்லில் ஒலித்ததே.

ஆயினும் சுசீந்திரத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாக்கிரகம் நிகழ வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் ஆலய நுழைவு அறிக்கை 1936 நவம்பர் 12இல்தான் வெளிவந்தது. பாட்டு ஏற்றதைத் தெரு ஏற்கவில்லை. கிருஷ்ணனின் இளமை இம்முரணுக்கிடையே கழிந்தது.

குழு வாழ்க்கை

வறுமையால் கல்வி தடைப்பட, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற அவர், டி.கே.எஸ். சகோதரர்களின் பால ஷண்முகானந்த சபாவில் சேர்ந்தார். 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட அக்காலச் சிறுவர் நாடகக் குழுக்களில் உணவும் உறைவிடமும் பயிற்சியும் குழுவின் பொறுப்பு. பெண் வேடத்தையும் சிறுவரே ஏற்பர். குழு கலைந்தால் கலைஞனுக்குப் பிடிமானம் இல்லை. 1936இல் வெளிவந்த 'சதிலீலாவதி' அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. பின்னர் டி.ஏ.மதுரம் வாழ்விலும் நடிப்பிலும் அவருக்கு இணையானார். நகைச்சுவையில் ஆணுக்கு ஈடுகொடுத்துப் பாடவும் வாதிடவும் பெண்ணுக்கு இவ்விணையின் காட்சிகள் இடமளித்தன.

இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கைதாகி ஆயுள் தண்டனை பெற்ற கிருஷ்ணன், இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற மேல்முறையீட்டின் பயனாக 1947இல் விடுதலையானார். அவர் சிறையிலிருந்த காலத்தில் மதுரம், எஸ்.வி.சகஸ்ரநாமம் முதலியோரின் துணையுடன் என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். பலருக்கு வழங்கிய கையும் பிறர் உழைப்பால் தாங்கப்படும் நிலைக்கு வரக்கூடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

கிந்தனாரும் காந்தி கதையும்

விடுதலைக்குப் பின் அவருடைய கலை தெளிவான திசை கொண்டது. அண்ணா எழுதிய 'நல்லதம்பி' (1949) திரைப்படத்தில் இடம்பெற்ற 'கிந்தனார்' காலட்சேபம், கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை எதிர்கொண்டு எழுந்தது. நந்தன் தீக்குளித்துத் தில்லையை அடைகிறான். ஒடுக்கப்பட்ட குலத்துக் கிந்தன் கல்வியால் உயர்ந்து, பள்ளிகளை மேற்பார்வையிடும் அலுவலனாக ஊர் திரும்புகிறான். முன்னவனுக்கு உடல் தூய்மையாக்கப்படுதல் நுழைவின் நிபந்தனை. பின்னவனுக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. பாகவதர்கள் பக்திக்கதை சொல்லிவந்த வடிவத்தையே கொண்டு அதன் நாயகனை மாற்றியதில் இப்படைப்பின் வன்மை உள்ளது.

வில்லுப்பாட்டிலும் இதற்கு இணையான மாற்றத்தை அவர் நிகழ்த்தினார். நெல்லைச் சீமையின் சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்து, காந்தியடிகள் வரலாற்றை எழுதச் செய்து தாமே வில்லடித்துப் பாடினார். கொடை விழாவுக்குரியதாக இருந்த கலை இதனால் நகர மேடையையும் அடைந்தது.

சங்கம்

தென்னிந்திய நடிகர் சங்கம் 1952இல் தோன்றியது. அதன் தொடக்க காலத் தலைவர்களுள் கிருஷ்ணனும் ஒருவர். தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளக் கலைஞர்களை ஒரே அமைப்பில் சேர்த்தமை அதன் சிறப்பு. பிற்காலத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அஞ்சலிதேவி தலைமை ஏற்றமை இதற்குச் சான்று. சங்கத்தின் சாதனைகளை ஒருவருக்கே உரியவை ஆக்குதல் பொருந்தாது. ஆயினும் வள்ளல் எனப் புகழ்பெற்றவர் சங்கத் தலைமையை ஏற்றதில் ஒரு கருத்து மாற்றம் புலப்படுகிறது. கொடை கொடுப்பவரின் மனத்தையும் செல்வத்தையும் சார்ந்தது. சங்கம் தருவது உறுப்பினரின் உரிமை. கொடையால் தம் பொருளை இழந்து, பொருள் நெருக்கடியோடு 1957 ஆகஸ்ட் 30இல் அவர் மறைந்தமை, தனிமனிதக் கொடையின் எல்லையைத் துயரத்துடன் உணர்த்துகிறது. அவர் பிறந்த நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்து அப்போது ஓராண்டும் நிறைவுறவில்லை.

முடிவுரை

கிருஷ்ணனின் வாழ்வு முதலிரு வினாக்களுக்கு மேடையில் விடை தந்தது: பெண் இணையாகப் பாடினார், ஒடுக்கப்பட்ட மாணவன் காலட்சேபத்தின் தலைவனானான், வில் புதிய அரங்கை அடைந்தது. மூன்றாம் வினாவுக்கான விடை பாதியளவே கிட்டியது. திரைக்கலைஞருக்குச் சங்கம் அமைந்தது. அவர் நகரத்திற்குக் கொணர்ந்த வில்லுப்பாட்டின் குடக்காரருக்கும் உடுக்கைக்காரருக்கும் அச்சங்கத்தில் இடமில்லை. தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல்தான், அவர் மறைந்து 50 ஆண்டுகளுக்குப் பின், அமைந்தது. ஒரு கலை பெறும் மதிப்பும் அக்கலைஞர் பெறும் பாதுகாப்பும் ஒன்றையொன்று தாமாகவே தொடர்வதில்லை என்பது இவ்வாழ்வின் வழிப் பெறப்படும் முடிவு. கலைஞர் அமைப்புகளை ஆராய்வோர், உறுப்பினர் பட்டியலில் உள்ளவரோடு அதற்கு வெளியே நிற்பவரையும் கணக்கிற்கொள்ளுதல் வேண்டும்.